வீட்டுக் கதவுக்கு நாமே வர்ணம் அடிக்கலாம்!

தீபாவளிக்கு முன்பே சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. திரைச்சீலையும் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் வீடு ஏனோ புதிதாகத் தெரியவில்லை. என்ன காரணம் என்று சுற்றுமுற்றும் பார்த்தால், குற்றவாளி கதவுதான்! கைப்பிடியைச் சுற்றிக் கருத்துப்போன கைரேகைகள். கீழ்ப்பாகத்தில் பக்கெட்டும் துடைப்பமும் இடித்த வடுக்கள். பாத்ரூம் கதவின் அடியில் பெயிண்ட் உப்பி, அப்பளம்போல் எழும்பி நிற்கிறது. சுவர் பளிச்சென்று ஆகிவிட்டதால் கதவின் அழுக்கு முன்பு இருந்ததைவிட இரண்டு பங்காகத் தெரிகிறது.

மும்பையில் தாராவியானாலும் சரி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலியானாலும் சரி, தமிழர் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை சிறியவை. சிறிய அறையில் கதவு ஒரு பெரிய பொருள். பத்தடிக்குப் பத்தடி சுவர் ஒன்றில் 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவு நின்றால், அந்தச் சுவரில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கதவை அழுக்காக விட்டுவிட்டுச் சுவருக்கு மட்டும் செலவு செய்வது, புதுச் சட்டைக்குப் பழைய வேட்டி கட்டிய கதைதான்.

கல்யாணில் ஒரு ரூம், ஒரு கிச்சன் உள்ள வாடகை வீட்டில் வசிக்கும் குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காலை லோக்கலைப் பிடித்து வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறவர். மனைவி, பள்ளிக்குப் போகும் பெண், இரண்டு வயதுப் பையன். பொங்கலுக்கு ஊரிலிருந்து அத்தை வரப் போகிறார். “ஏங்க, அத்தை வந்ததும் முதல்ல பாக்கப் போறது இந்தக் கதவைத்தான்” என்கிறார் மனைவி. மூன்றே கதவுகளுக்காகப் பெயிண்டரைக் கூப்பிட்டால், “முழு வீடும் என்றால் வருகிறேன்” என்கிறார் அவர். என்ன செய்வது?

தாமே செய்யலாம். கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது சுவருக்கு அடிப்பதைவிட எளிது. ஏணி வேண்டாம், சாமான்களை எல்லாம் நகர்த்த வேண்டாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஆனால் அவசரப்படக் கூடாது. பிரஷைத் தொடுவதற்கு முன்பு மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை

மும்பையிலும் சுற்றுப்புறத்திலும் வாடகை வீடுகள் அநேகமாகப் பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில்தான் விடப்படுகின்றன. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது டிபாசிட் பணத்தில் பெயிண்ட் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பலருக்கும் தெரிந்ததே. அதிலும் வாடகைக்கு இருப்பவர் தம் இஷ்டப்படி நீலமும் பச்சையுமாக அடித்து வைத்தால், “யாரைக் கேட்டு அடித்தீர்கள்?” என்ற கேள்வி வரும். நல்லது செய்யப்போய் நஷ்டம் எதற்கு? என்ன நிறம் என்பதையும் சேர்த்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, சம்மதத்தை வாங்கி, அந்தப் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சு டிபாசிட் நேரத்தில் ஞாபகம் இருக்காது!

வாசல் கதவின் வெளிப்பக்கம் வேறு விவகாரம். அது சொசைட்டியின் நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. சொசைட்டியைக் கேட்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பழைய பெயிண்டில் ஈயம்

இரண்டாவது விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இதைப் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் குற்றமில்லை.

எனாமல் பெயிண்டில் நெடுங்காலமாக ஈயம் சேர்க்கப்பட்டு வந்தது. நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் உலரவும் அது உதவியது. மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களில் அது அதிகம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்பு அடித்த பெயிண்ட் கதவில் இருந்தால், அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று நினைத்து நடந்துகொள்வதே புத்திசாலித்தனம். இருபது, முப்பது வருஷப் பழைய கட்டடமானால் சந்தேகமே வேண்டாம்.

கதவில் ஒட்டியிருக்கும்வரை அந்த ஈயம் யாரையும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. உப்புத்தாள் போட்டு வறக் வறக் என்று தேய்க்கும்போதுதான் ஆபத்து. தூள் பறந்து தரையிலும் பாயிலும் படுக்கையிலும் படியும். தவழும் குழந்தை அதே தரையில் கை வைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பும் கவனமும் கெடுகின்றன. இவ்வளவுதான், இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கர்ப்பிணிகளும் இந்தத் தூளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பழைய பெயிண்ட் உறுதியாக, விரிசல் இல்லாமல் இருந்தால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அதன்மேலேயே அடித்து மூடிவிடுவதுதான் நல்லது. மேல்பளபளப்பு போகுமளவுக்கு லேசாகத் தேய்த்தால் போதும். அதையும் நனைத்துத் தேய்க்க வேண்டும். இதற்கென்றே வாட்டர் பேப்பர் என்று கடையில் கொடுப்பார்கள். கதவின் அடியில் பாலிதீன் ஷீட்டோ நான்கைந்து மடிப்புச் செய்தித்தாளோ விரித்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால், தூள் பறக்காமல் குழம்பாக வழியும். அதை ஈரத்துணியால் துடைத்து, துணியையும் செய்தித்தாளையும் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் தரையை இரண்டு தடவை துடைக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை குழந்தைகள் அக்கம்பக்கத்து வீட்டிலோ பாட்டி வீட்டிலோ இருக்கட்டும். மூக்கில் சாதாரணக் கைக்குட்டை போதாது. என்-95 முகமூடி போட வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கியது ஒன்றிரண்டு பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. வேலை செய்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

ப்ளோ லாம்ப் வைத்துப் பெயிண்டைச் சுட்டு உரிக்கும் பழைய முறையை வீட்டுக்குள் யாரும் செய்ய விடாதீர்கள். எழும் புகையிலும் ஈயம் இருக்கும். கதவில் பாதிப் பெயிண்ட் உரிந்து தொங்குகிறது, வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது என்றால், வீட்டுக்காரரிடம் கதவையே மாற்றித் தரக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

எந்தக் கதவு, எந்தக் காலம்?

எல்லாக் கதவுக்கும் பெயிண்ட் ஏறாது. சன்மைக்கா ஒட்டிய கதவில் எனாமல் அடித்தால் சில மாதங்களில் நகத்தால் உரித்து எடுத்துவிடலாம். பி.வி.சி. கதவும் அப்படியே. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவி விட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் பாலிஷ் போட்ட தேக்குக் கதவு இருந்தால் அதன்மேல் பெயிண்ட் அடிப்பது பாவம். பாலிஷ்காரரைக் கூப்பிட்டு ஒரு கோட் பாலிஷ் போடச் சொன்னால் அதன் அழகே தனி.

பாத்ரூம் கதவின் அடிப்பாகத்தில் அலுமினியத் தகடு அடித்திருந்தால், அதைச் சற்று அழுத்திப் பார்க்க வேண்டும். மரம் உள்வாங்கினால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். அதைப் பெயிண்ட் மறைக்காது. அது சுதாரின் வேலை. தச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை ஜூன் முதல் செப்டம்பர் கடைசிவரை மும்பை மழையில் இந்தப் பேச்சே வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கும். கதவு நிலையில் இறுக்கிக்கொண்டு கிரீச்சிடும். அப்போது அடிக்கும் பெயிண்ட் சரியாக உலராது, பளபளப்பும் மங்கிவிடும். மழையில் கதவு இறுகுகிறதே என்று அப்போதே நிறைய இழைத்துத் தள்ளினால், டிசம்பரில் மரம் சுருங்கி இடைவெளி தெரியும். ஊரில் தீபாவளி நேரம் வடகிழக்குப் பருவமழைக் காலம். இங்கே மழை ஓய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் காற்று இன்னும் உலர்ந்துவிடும். போகிக்கு முன்பு வீட்டைப் புதுப்பிக்கும் நம் வழக்கம் மும்பைக்கு அச்சாகப் பொருந்துகிறது!

கடையில் என்ன கேட்பது?

ஒரு கதவின் இரண்டு பக்கமும், ஓரங்களும், நிலைச்சட்டமும் சேர்ந்து சுமார் 50 சதுர அடி வரும். இரண்டு கோட் என்றால் 100 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடிக்குக் குறையாமல் வரும். ஆக, கதவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்தால் கையைக் கடிக்காது. மூன்று கதவானால் இரண்டரை லிட்டரிலேயே முடிந்தாலும் முடியும். பிரைமர் கதவுக்கு அரை லிட்டர். பிரைமரை இங்கே ‘அஸ்தர்’ என்றும், பட்டி பார்க்கும் மாவை ‘லாம்பி’ என்றும், உப்புத்தாளை ‘ரேக்மால்’ என்றும் கேட்டால் கடைப்பையன் உடனே எடுத்துக் கொடுப்பான். டப்பாவில் ஈயம் 90 பங்குக்கு மேற்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலாசமில்லாத மலிவு டப்பா வேண்டாம்.

எனாமலில் இரண்டு வகை. எண்ணெய் எனாமல் உறுதியானது, பளபளப்பு அதிகம், விலையும் சற்றுக் குறைவு. ஆனால் ராத்திரி முழுக்க நாற்றம் அடிக்கும். வெள்ளை நிறமானால், வெளிச்சம் படாத கதவில் ஒன்றிரண்டு வருஷத்தில் மஞ்சள் பாயும். தண்ணீரில் கரையும் எனாமலுக்கு நாற்றம் குறைவு, சில மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம், பிரஷைக் குழாயடியில் கழுவலாம். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் வீட்டுக்கு இதுவே உத்தமம். பழைய எண்ணெய்ப் பெயிண்டின்மேல் இதை அடிப்பதானால் நனைத்துத் தேய்ப்பதையும் பிரைமரையும் தவிர்க்க முடியாது. தவிர்த்தால் தோல்போல உரியும்.

எண்ணெய் எனாமலை நெகிழ்த்த டர்பன்டைன் கேளுங்கள். வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்டால் சில கடைகளில் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடுவார்கள். அது பட்டால் அடியில் உள்ள பழைய பெயிண்ட் சுருங்கிக் கிளம்பும். எப்படியானாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கலக்க வேண்டாம்.

இரண்டங்குல பிரஷ் ஒன்று, ஓரங்களுக்கு ஓரங்குல பிரஷ் ஒன்று. பிரஷில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவு பிரஷ் கதவு முழுவதும் முடியை உதிர்க்கும். சித்திரவேலை இல்லாத சமதளக் கதவானால் நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர் நல்லது.

நிறம்? கைப்பிடி ஓரத்துக் கைரேகைக்குப் பயந்து பலர் காப்பி நிறத்துக்குப் போகிறார்கள். சிறிய அறையில் அது கதவை இன்னும் கனமாகக் காட்டும். சுவரின் நிறத்துக்கு நெருங்கிய தந்த நிறமோ வெளிர் சாம்பலோ அடித்தால் கதவு சுவரோடு கலந்து அறை விசாலமாகத் தெரியும். கதவில் அடிபட்ட குழிகள் நிறைய இருந்தால், கண்ணாடிப் பளபளப்பு அவை அத்தனையையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். சாட்டின் பினிஷ் என்று கேட்டு வாங்கினால் பாதியை மறைத்துவிடும்.

வேலை தொடங்கட்டும்!

சனிக்கிழமை மாலை. கைப்பிடி, தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றையும் கழற்றி, திருகாணிகளோடு ஒரு டப்பாவில் போட வேண்டும். கீல்களைக் கழற்ற வேண்டாம். அவற்றின்மேல் வாசலின் தடவிவிட்டால், தெறிக்கும் பெயிண்டைப் பிறகு துடைத்து எடுத்துவிடலாம். சாமி ஸ்டிக்கர், கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி ஊறவிட்டால் உரிந்து வரும். பிறகு சோப்புத் தண்ணீரால் கதவு முழுவதையும் கழுவ வேண்டும். சமையலறைக் கதவில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

இங்கே ஒரு விஷயம். அந்தக் கல்யாண் வீட்டில் நிலைச்சட்டத்தின் ஓரத்தில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பெண்ணின் பிறந்தநாள்தோறும் அவளை நிறுத்தி உயரம் குறித்த கோடுகள். பையனுக்கும் இரண்டு கோடு விழுந்துவிட்டது. இப்படி எத்தனையோ வீடுகளில் உண்டு. பிரைமர் ஒரு கோட் போட்டால் அத்தனையும் போச்சு! ஒரு நீளக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, கோடுகளையும் தேதிகளையும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டு பிறகு கை வைப்பது நல்லது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது நிலைச்சட்டம் கூட வராது, காகிதம் வரும்.

கழுவிய கதவு உலர்ந்ததும், முன்பு சொன்னபடி வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். 180-ஆம் எண் போதும். எண் ஏற ஏறத் தாள் நைசாகும்.

ஞாயிறு காலை. ஆணி ஓட்டைகளிலும் குழிகளிலும் பட்டித் தகட்டால் லாம்பி வைத்து, உலர்ந்ததும் அந்த இடங்களைச் சமமாகத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட். கதவின் உச்சி விளிம்பையும் அடி விளிம்பையும் யாரும் பார்ப்பதில்லை என்று பெயிண்டர்களே விட்டுவிடுகிறார்கள். மழைக்கால ஈரம் மரத்துக்குள் புகும் வழியே அதுதான்! உச்சி விளிம்புக்கு நாற்காலி போட்டு ஏறி அடிக்கலாம். அடி விளிம்புக்குப் பிரஷ் போகாது. ஒரு பழைய துணியைப் பிரைமரில் தோய்த்து, கதவின் அடியில் விட்டு இரு முனையையும் பிடித்து இழுத்தால் போதும்.

பிரைமர் நன்றாக உலர்ந்ததும் 320-ஆம் எண் தாளால் மேலோட்டமாகத் தடவி, ஈரத்துணியால் துடைத்து, முதல் கோட். எண்ணெய்ப் பெயிண்டானால் வாரத்தில் ஒருநாள் இரவு முதல் கோட், அடுத்த ஞாயிறு இரண்டாவது கோட் என்று வைத்துக்கொள்வது, ஆபீசுக்குப் போகிறவருக்குச் சௌகரியம்.

பலகை பதித்த கதவில் அடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பலகைகளும் அவற்றின் சித்திர விளிம்பும். பிறகு குறுக்குச் சட்டங்கள். கடைசியில் நெடுஞ்சட்டங்கள். மரத்தின் ரேகை ஓடும் திக்கிலேயே பிரஷும் ஓட வேண்டும். பிரஷை மூன்றில் ஒரு பங்குதான் தோய்க்கலாம். அடித்து முடித்த இடத்தில் காய்ந்துகொண்டிருக்கும்போது, ‘அங்கே கொஞ்சம் விட்டுப்போச்சே’ என்று மறுபடி பிரஷ் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அது கோடு கோடாகத் தழும்பு விடும். விட்டுப்போனதை அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம். கனமாக அப்பினால் கண்ணீர்போல வழியும். மெல்லிய இரண்டு கோட் எப்போதும் கனத்த ஒரு கோட்டைவிட மேல்.

இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம் என்றால், விளிம்பு எந்த நிறம் என்று தகராறு வரும். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ, தாழ்ப்பாள் பக்க விளிம்புக்கு அந்த அறையின் நிறம். கீல் பக்க விளிம்புக்கு அடுத்த பக்கத்தின் நிறம். திறந்த கதவை இரண்டு பக்கமும் நின்று பார்த்தால் காரணம் புரியும்.

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஆனால் சீலிங் பேனை வேகமாக விட்டால் அறையிலுள்ள தூசி அத்தனையும் ஈரப் பெயிண்டில் போய் உட்காரும். எண்ணெய் எனாமலும் டர்பன்டைனும் தீப்பிடிக்கும் பொருட்கள். ஒற்றை அறை வீட்டில் இதை மறக்கவே கூடாது. அடிக்கும்போதும் நாற்றம் போகும்வரையும் கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதையும் ஏற்ற வேண்டாம். அன்றைக்குச் சாப்பாடு வெளியிலிருந்து வரட்டும். பெயிண்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், விரித்துக் காயவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் அன்று இரவு வேறு இடத்தில் படுப்பது நல்லது.

பாத்ரூம் கதவுக்கு என்ன செய்வது? ஈரமாக இருக்கும்போது மூடினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். பழைய புடவை ஒன்றை நிலையில் திரையாகக் கட்டிவிட்டு, ஒருநாள் சமாளிக்க வேண்டியதுதான். “ஆள் இருக்கு” என்று குரல் கொடுக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடப் பெண்ணிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்வாள்! நன்றாகக் காய்ந்த பிறகு, கதவும் நிலையும் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் ஒட்டாது.

முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் பிரஷைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் மறுநாள்வரை காயாது. மிஞ்சிய பெயிண்டைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடியை அழுத்தி மூடி, நிறத்தின் எண்ணை டப்பாமேல் எழுதி, பரண்மேல் வைத்தால், அடுத்த வருஷம் ஒரு கீறலை மறைக்க உதவும்.

கைப்பிடியையும் தாழ்ப்பாளையும் ஒருநாள் கழித்துத் திரும்பப் பூட்டலாம். பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்குமே தவிர, உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கதவின்மேல் ஈரத்துண்டு போடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடிப்பது எல்லாவற்றையும் ஒத்திவைக்க வேண்டும். போகிக்கு ஒரு வாரம் முன்பே இரண்டாவது கோட் முடிந்துவிட்டால், பொங்கலன்று தோரணமும் கட்டலாம், புது வருஷத் தமிழ்க் காலண்டரையும் பழைய இடத்திலேயே மாட்டலாம்.